பேய் போன பிறகு பாவம் யார் கணக்கில்?

கேள்வி: 10 எபிசோட் வெப் சீரிஸ் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதி முடித்திருக்கிறேன். கதாநாயகியை ஓர் ஆவி பிடிக்கிறது. அந்த நிலையில், 3ஆம் எபிசோடில் தம்பியின் நண்பனைக் கொன்றுவிடுகிறாள். 7இல் ஆவியை விரட்டுகிறார்கள். 8 முழுக்கக் குற்ற உணர்ச்சியில் அழுகிறாள். 9இல் செத்தவனின் அம்மா அவளை மன்னிக்கிறார். 10இல் எல்லோரையும் காப்பாற்றிவிட்டு உயிரை விடுகிறாள். படித்தவர்கள் எல்லோரும் “கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா அவ மேல இரக்கமே வரல” என்கிறார்கள். எங்கே பிசகுகிறது?

பதில்: இரக்கம் வராததற்குக் காரணம், உங்கள் நாயகி ஒரு தப்பும் செய்யவில்லை என்பதுதான். கை அவளுடையது, குத்தியது ஆவி. பார்ப்பவர் 3ஆம் எபிசோடிலேயே அவளுக்கு விடுதலை கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு 8இல் அவள் எவ்வளவு அழுதாலும், ‘இவ எதுக்கு அழறா?’ என்றுதான் கேட்கத் தோன்றும்.

ஆகவே முதல் வேலை, பழியில் ஒரு பங்கை அவள் கணக்கில் எழுதுவது. கொலையையே அவள் தலையில் கட்ட வேண்டியதில்லை. ஆவி வந்ததில் அவளுக்கு ஏதோ லாபம் இருக்கட்டும்: பயம் போகிறது, தெம்பு வருகிறது, இதுவரை மட்டம் தட்டியவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். 2ஆம் எபிசோடில் அதை விரட்ட ஒரு வாய்ப்பு வர வேண்டும். “இன்னும் ஒரே ஒரு நாள்” என்று அவள் தள்ளிப்போட வேண்டும். இரண்டு பக்க சீன் போதும். 3இல் விழும் கொலை அந்த ஒரு நாளில் விழட்டும்.

இன்னொரு பங்கு, கொலைக்குப் பிறகு அவள் தன் நினைவோடு செய்கிற காரியங்களில் இருக்கிறது. காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி என்ற பெண்ணைப் பற்றிய அமெரிக்கத் தொடர் ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’. அதில் பஃபியைப் போலவே அசாத்திய பலம் கொண்ட இன்னொரு வேட்டைக்காரியான ஃபெய்த்தைக் கவனியுங்கள். 1999இல் வந்த எபிசோடில், இருட்டில் காட்டேரி என்று நினைத்து ஒரு மனிதனை, நகரத்தின் துணை மேயரை, குத்திவிடுகிறாள். அது விபத்து. அதற்காக யாரும் அவளை வெறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவள் பிணத்தைத் தண்ணீரில் அமிழ்த்துகிறாள். தனக்கு ஒன்றுமே உறுத்தவில்லை என்கிறாள். கடைசியில் பஃபிதான் செய்தாள் என்று, பஃபியின் வழிகாட்டியான ஜைல்ஸிடம் போய்ச் சொல்கிறாள். விபத்து படிப்படியாகக் குற்றமாகிற அந்த ஏணியில் ஒவ்வொரு படியையும் அவளேதான் ஏறுகிறாள். உங்கள் 4, 5, 6ஆம் எபிசோடுகளில் நாயகி போலீஸைக் குழப்ப ஏதாவது ஒரு பொய்யாவது சொல்ல வேண்டும். அந்தப் பொய்யால் வேறு யாராவது, தம்பியே ஆனாலும், மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

அழுகைக்கு வருவோம். 8ஆம் எபிசோடை ஈவிரக்கமில்லாமல் வெட்டுங்கள். குற்ற உணர்ச்சி உள்ளவர் பெரும்பாலும் எரிந்து விழுவார், அதிகமாகச் சிரிப்பார், இல்லாவிட்டால் யாராவது தன்னை அடிக்க மாட்டார்களா என்று வம்பு தேடிப் போவார். ஃபெய்த் உடைந்து அழுவது கொலை நடந்து ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு, 2000இல், ‘பஃபி’யிலிருந்து கிளைத்த ‘ஏஞ்சல்’ தொடரில். அதற்குச் சற்று முன்புதான், ஒரு காலத்தில் தனக்கு வழிகாட்டியாக இருந்த வெஸ்லியைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்திருக்கிறாள். கொட்டும் மழையில், அந்தத் தொடரின் நாயகனும் திருந்திய காட்டேரியுமான ஏஞ்சலோடு மோதுகிறவள், அடித்துக்கொண்டே தன்னைக் கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அத்தனை வெறியாட்டமும் சாவதற்கு அவள் தேடிய வழி என்பது அப்போதுதான் நமக்குப் புரிகிறது. ஒரே ஒரு அழுகை, அதுவும் சண்டைக்கு நடுவில். நீங்களும் 4 முதல் 7 வரை எபிசோடுக்கு ஒரு கீறல் மட்டும் காட்டுங்கள். உடைவதற்கு மூன்று பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

7இல் ஆவியை முழுசாக விரட்டிவிடுவது பெரிய பிழை. பேய் போனால் கதையின் இறுக்கமும் கூடவே போய்விடும். அமானுஷ்யக் கதையில் நமக்கு இருக்கும் வசதியே, மனசுக்குள் நடப்பதை வெளியே ஒரு விதியாக்கிக் காட்டலாம் என்பதுதான். ஏஞ்சலுக்கு 1898இல் கிடைத்த சாபம் அப்படிப்பட்டது: செய்த கொலையெல்லாம் நினைவில் இருந்து அரிக்கட்டும் என்றே ஆன்மாவைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், முழு நிம்மதி ஒரு கணம் கிடைத்தாலும் அது போய்விடும். பஃபியின் தோழி, மந்திரக்காரி வில்லோவின் கதையிலும் இதே கைவேலை. 2002இல் ஒருவனைக் கொன்றுவிட்டு இங்கிலாந்து போய்த் திரும்புகிறவள், நண்பர்கள் முகத்தில் விழிக்கப் பயப்படுகிறாள். அவளே அறியாமல் அந்தப் பயம் மந்திரமாகி, ஒரே வீட்டில் இருந்தும் அவளும் நண்பர்களும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியாமல் போகிறார்கள். வசனத்தில் பத்து முறை சொன்னாலும் இந்த அழுத்தம் வராது. உங்கள் ஆவி போகட்டும், ஆனால் ஏதாவது ஒன்று அவளிடம் மிச்சம் இருக்கட்டும். ஆவி இருந்தபோது கண்டது, கேட்டது எல்லாம் நினைவிருப்பது ஒன்றே போதும்.

அந்த நினைவுதான் 9ஆம் எபிசோடைக் காப்பாற்றப் போகிறது. இப்போது அந்த அம்மா முதல் சந்திப்பிலேயே மன்னித்துவிடுகிறார். எழுத்தாளருக்கு வசதி, வேறு ஒன்றுமில்லை. மன்னிப்பதற்குப் பதிலாக அவர் ஒரு கேள்வி கேட்கட்டும்:

“கடைசியா என்ன சொன்னான்?”

“அம்மா… அது நானில்லம்மா.”

“நீயோ, அதுவோ. காது உன்னுதுதான? என்ன சொன்னான்?”

பதில் சொன்னால், உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால், ஒரு தாய்க்கு மகனின் கடைசிப் பேச்சை மறுக்க வேண்டும். இதுவரை அவளைக் காப்பாற்றி வந்த “நானில்ல” இந்த இடத்தில் உதவாது. அவள் சொல்கிறாள். அம்மா கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். மன்னிப்புப் பேச்சே வேண்டாம். பாதிக்கப்பட்டவருக்கு மன்னிக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. 2000இல் பஃபியும் ஃபெய்த்தை மன்னிக்கவில்லை.

வாக்குமூலம் எங்கே வருகிறது என்பதிலும் கவனம் தேவை. ஆதாரம் சிக்கிய பிறகு ஒப்புக்கொண்டால் அது வேறு வழியில்லாமல் செய்தது, அதற்கு மதிப்பில்லை. வழக்கு முடிந்து அவள் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லாதபோது, தானாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

கடைசியாக அந்த உயிர்த் தியாகம். செத்துப்போவது இந்த வகைத் தொடர்களில் சுலபமான தப்பிப்பு; கைதட்டல் வாங்கிக்கொண்டு கடனைக் கட்டாமலே போய்விடலாம். ஃபெய்த் தானாகவே போலீஸில் சரணடைந்து சிறைக்குப் போகிறாள். அவளுக்கு இருக்கிற பலத்துக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை, தினமும் இருக்க முடிவெடுத்துத்தான் இருக்கிறாள். 2003இல் ஏஞ்சல் ஆன்மாவை இழந்து மறுபடி கொடியவனாக மாறியதும், உதவி கேட்டு அவளைத் தேடி வருவது வெஸ்லி. ஆமாம், அவள் சித்திரவதை செய்த அதே வெஸ்லி. கேட்டதும் சிறையை உடைத்துக்கொண்டு கிளம்புகிறாள். எப்போது வேண்டுமானாலும் போயிருக்க முடியும் என்பது நமக்கு உறைப்பது அந்த நிமிடத்தில்தான்.

உங்கள் 10இல் நாயகி உயிரோடு இருக்கட்டும். விரட்டிய ஆவி பழைய லாபத்தையே காட்டி மறுபடி கூப்பிடட்டும். 2இல் வந்த அதே சபலம், இந்த முறை அவள் மறுக்கிறாள். சண்டைக் காட்சியை எட்டுப் பக்கத்தில் முடித்துவிட்டு, மிச்ச இடத்தைத் தம்பி மேல் விழுந்த பழியை அவள் நீதிமன்றத்தில் துடைப்பதற்குக் கொடுங்கள். திருத்த உட்காரும்போது 8இல் ஆரம்பிக்காதீர்கள். 2இல் அந்த “ஒரே ஒரு நாள்” சீனை முதலில் எழுதுங்கள், மற்ற எபிசோடுகளில் எதை மாற்றுவது என்பது அதற்குப் பிறகு தெரிந்துவிடும்.