கோடெல் கிழக்கு வழியாக அமெரிக்கா சென்றது ஏன்?

வணக்கம். கணித மேதை குர்ட் கோடெலை 'யூத அகதி' என்று உங்கள் கட்டுரையில் எழுதலாமா என்றும், வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்கு அவர் சைபீரியா வழியாகச் சென்றதாகப் படித்தது பிழையா என்றும் கேட்டிருந்தீர்கள்.

பயணத் தகவல் சரிதான். 1939 செப்டம்பரில் போர் மூண்டுவிட்டதால், ஜெர்மன் கடவுச்சீட்டோடு அட்லாண்டிக்கில் கப்பலேறினால் பிரிட்டிஷார் இடைமறித்துப் பிடித்துவைக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தது. சோவியத் ஒன்றியமோ அப்போது ஜெர்மனியுடன் உடன்பாட்டில் இருந்தது. ஆகவே 1940 ஜனவரியில் அவரும் மனைவி அடேலும் மாஸ்கோ சென்று, சைபீரிய ரயிலில் ஆசியாவைக் கடந்து, யோகோஹாமாவில் கப்பலேறி, மார்ச் மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் கரையிறங்கினார்கள். பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அவருக்கு இடமளித்தது.

'யூத அகதி' என்பதை மட்டும் அவசியம் நீக்கிவிடுங்கள். அவர் யூதர் அல்லர். ஆனால் அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் ஹான் யூத வம்சாவளியினர். நண்பர்களிலும் யூதர் பலர். அதுவே நாஜி அதிகாரிகளின் சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டபின் பல்கலைக்கழகத்தில் அவர் வகித்த நிலையும் பறிபோனது. எப்போதும் உடல்நலக் கவலையில் உழன்ற அந்த மனிதரை ராணுவப் பணிக்குத் தகுதியானவர் என்றும் அறிவித்துவிட்டார்கள். தெருவில் அவரை யூதர் என்றெண்ணி இளைஞர்கள் சிலர் தாக்கியபோது, அடேல்தான் கைக்குடையால் அவர்களை விரட்டினார். இந்த நிகழ்ச்சியைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். அவர்கள் வாழ்ந்த சூழலை இது நன்றாகவே காட்டும். அமெரிக்கா சென்றபின் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. 1948இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.