கேள்வி நேரம்: போட்டி இல்லாத பியானோ விழா

கேள்வி: என் மகள் பியானோ தேர்வில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டாள். இளம் கலைஞர்களுக்கான வெளிநாட்டுக் கோடை விழா ஏதாவது சொல்லுங்களேன். போட்டி, பரிசு இல்லாததாக இருந்தால் நல்லது.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடக்கும் மார்ல்போரோ விழா. பியானோ மேதை ருடால்ஃப் செர்கின் 1951-இல் நண்பர்களோடு தொடங்கியது. ஏழு வாரம். பேர்பெற்ற மூத்த கலைஞர்கள் எதிரே உட்கார்ந்து பாடம் நடத்துவதில்லை. இளையவர்களோடு ஒரே குழுவில் வாசிக்கிறார்கள். பியானோக்காரர்கள் பெரும்பாலும் தனியறையில் தனியாகவே வளர்கிறவர்கள். பக்கத்தில் செல்லோக்காரர் (செல்லோ என்பது வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) மூச்சு இழுப்பதைக் கவனித்து வாசிக்கப் பழகுவது அவர்களுக்குப் பெரிய விஷயம். புகழ்பெற்ற பியானோக் கலைஞர்கள் முர்ரே பெராயா, ரிச்சர்ட் கூட் எல்லாம் இளவயதில் அங்கே வாசித்தவர்கள்தான்.

இன்னொரு வேடிக்கை: பயிற்சி செய்வதெல்லாம் மேடைக்கு வர வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. எது தயாரோ அதை ஒரு வாரம் முன்னால்தான் முடிவு செய்வார்கள். என்ன வாசிப்பார்கள் என்று தெரியாமலே ரசிகர்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். நம் சபாக்களில் நடக்குமா, சொல்லுங்கள்! சாப்பாட்டுக் கூடத்தில் காகித நாப்கினை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிவதும் அங்கே பழைய வழக்கம்.

ஆனால் சேர்வது கடினம். வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மேடையேறிய இளைஞர்கள்; கிரேடு சான்றிதழ் மட்டும் போதாது. இப்போதைக்கு வயலின், செல்லோ வாசிக்கும் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். இசையமைப்பாளர் ஹைடனின் டிரியோக்களில் (இந்த மூன்று வாத்தியங்களும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) தொடங்கலாம். அவற்றில் பியானோவுக்குத்தான் வேலை அதிகம்.