டேனியல் – ஆக்னஸ் ஃப்ரீமன் தம்பதியின் குடும்ப வரலாறு எந்தக் காகிதத்தில் கிடைக்கும்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் முதல் ஹோம்ஸ்டெட் விவசாயிகள் (அரசு நிலத்தில் குடியேறி உழுது அதைச் சொந்தமாக்கிக்கொண்டவர்கள்) என்று சொல்லப்படும் நெப்ராஸ்காவின் ஃப்ரீமன் தம்பதியைப் பற்றி நம்பகமாக என்ன தெரியும்? அதே காலத்தில் குடியேறிய வேறொரு குடும்பத்தைத் தேட வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

நிலக் கோப்பில், அதாவது விண்ணப்பம் முதல் இறுதி நிரூபணம் வரையான தாள்களில், தொடங்குங்கள். பட்டாவைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலானோர் சறுக்குவது அங்கேதான்.

ஹோம்ஸ்டெட் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டது 1862 மே 20-இல். அது நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1-இல். குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ இருக்க வேண்டும். குடிமகனாகவோ குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தவராகவோ இருக்க வேண்டும். அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியிருக்கக் கூடாது. இவ்வளவு இருந்தால் 160 ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வருடம் குடியிருந்து, உழுது, வீடு கட்டி, இரண்டு சாட்சிகளோடு வந்து நிரூபித்தால் நிலம் சொந்தம். கட்டணம் மொத்தம் 18 டாலர்: பதிய 10, அலுவலருக்குத் தரகு 2, கடைசியில் 6.

ஒஹாயோவில் 1826-இல் பிறந்த டேனியல், அந்த ஜனவரி 1-ஆம் தேதியே பிரவுன்வில் நில அலுவலகத்தில் பதிந்தார். நள்ளிரவில் அலுவலரை எழுப்பிக் கதவைத் திறக்கவைத்தார் என்பது பிரபலமான கதை. அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் வெவ்வேறு அலுவலகங்களில் மொத்தம் 418 பேர் பதிந்தார்கள். அவருக்கு ‘முதல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் எண்கள்தான். அவருடைய விண்ணப்பமும் எண் 1, பட்டாவும் எண் 1.

அந்த நிலத்தின் விவரணையைப் பாருங்கள்: செக்‌ஷன் 26, டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு, வடமேற்குக் கால்பகுதியின் தெற்குப் பாதி, அதே கால்பகுதியின் வடகிழக்குக் கால், வடகிழக்குக் கால்பகுதியின் தென்மேற்குக் கால். டவுன்ஷிப் எண் வடக்கு–தெற்காகவும் ரேஞ்ச் எண் கிழக்கு–மேற்காகவும் இடத்தைக் காட்டும். ஒரு டவுன்ஷிப் என்பது ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். அதில் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். ஒரு செக்‌ஷனில் நாற்பது நாற்பது ஏக்கராகப் பதினாறு கட்டம் போட்டு, இவர் எடுத்த நான்கையும் நிழலடித்துப் பாருங்கள். கீழே வரிசையாக மூன்று, நடுக்கட்டத்தின் தலையில் ஒன்று. சதுரமாக 160 ஏக்கர் எடுக்க வழியிருந்தும் இப்படிக் கோணலாக எடுத்திருக்கிறார். அந்த நிலத்தின் வழியாகக் கப் கிரீக் என்ற ஓடை போகிறது. மரமே அரிதான புல்வெளியில் ஓடைக்கரை என்றால் தண்ணீரும் விறகும் வீடு கட்ட மரமும். பிற குடும்பங்களுக்கும் இப்படி வரைந்து பாருங்கள். நிலத்தின் வடிவமே பாதி காரணத்தைச் சொல்லிவிடும். சொல்லாத பாதியும் உண்டு: இந்தப் பகுதி ஒட்டோ–மிசௌரியா மக்களுடையது, 1854 ஒப்பந்தத்தில்தான் அவர்கள் கையைவிட்டுப் போனது.

இனி பட்டா. தேதி 1869 செப்டம்பர் 1. அதில் டேனியலின் பெயரும் நில விவரணையும் இருக்கும். ஆக்னஸ் இல்லை, பிள்ளைகளும் இல்லை. திருமணமாகாத பெண்ணும் விதவையும் தங்கள் பெயரில் நிலம் எடுக்கலாம். கணவனோடு வாழும் மனைவி எடுக்க முடியாது. அதனால் தம்பதியின் வரலாற்றைப் பட்டாவில் தேடினால் பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

விஷயம் இருப்பது 1868 ஜனவரி மாத இறுதி நிரூபணத்தில், அக்கம்பக்கத்தவர்களான ஜோசப் கிராஃப், சாமுவேல் கில்பாட்ரிக் கொடுத்த வாக்குமூலத்தில். மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு என்கிறார்கள். பாதி மரத்துண்டு, பாதி பலகைச் சட்டம் கொண்ட வீடு, 14-க்கு 20 அடி, ஒரே தளம், இரண்டு கதவு, இரண்டு ஜன்னல். சுமார் 35 ஏக்கர் உழுது வேலியிட்டது. குதிரை லாயம், 100 அடி நீள ஆட்டுக்கொட்டகை, சோளப்பட்டறை, 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம்.

அதே தாளில் இன்னொரு வரி: 1865 ஏப்ரல் 4 முதல் இதுவே அவருடைய வீடு. 1863-இல் பதிந்தவர் 1865-இல்தான் நிலையாகக் குடிவந்தார் என்று தோன்றுகிறது. ஏன் என்பதற்கு நிலக் கோப்பு பதில் சொல்லாது. திருமணத் தேதி ஒரு குறிப்புத் தரும். அயோவாவின் லிகிளேரைச் சேர்ந்த ஆக்னஸ் சூட்டர், டேனியலின் சகோதரர் ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். உள்நாட்டுப் போரில் ஜேம்ஸ் இறந்தார். பிறகு கடிதத்திலேயே பேசி முடித்து டேனியலை 1865 பிப்ரவரி 8-இல் மணந்தார். இரண்டு மாதத்துக்குள் இருவரும் நெப்ராஸ்கா வீட்டில். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த வீட்டை வீடாக்கியது யார் என்று தெரிகிறது.

உங்கள் குடும்பத்துக்கு: பொது நில அலுவலகப் பட்டாக்களை அமெரிக்க நில நிர்வாகப் பணியகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரால் தேடிக் கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள், நில விவரணையால் தேடுங்கள். சூட்டர் போன்ற பெயரை எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். செக்‌ஷன் எண் அவ்வளவு சுலபத்தில் மாறாது. பட்டாவிலிருந்து மாநிலம், நில அலுவலகம், நில வகை, இறுதிச் சான்று எண் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு தேசிய ஆவணக் காப்பகத்திடம் முழுக் கோப்பைக் கேளுங்கள், படிவம் 84. 1908 ஜூலைக்கு முந்தைய கோப்புகள் அலுவலக வாரியாக அடுக்கப்பட்டவை. அலுவலகத்தின் பெயர் தவறினால் ‘கிடைக்கவில்லை’ என்றே பதில் வரும். வெளிநாட்டில் பிறந்தவரானால் குடியுரிமைத் தாளின் நகலும் கோப்பில் இருக்கும்.

பட்டாவே கிடைக்காவிட்டால் குடும்பம் அங்கே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சுமார் 40 லட்சம் பேர் பதிந்ததில் பட்டா வரை போனவர்கள் சுமார் 16 லட்சம் பேர். வறட்சி, வெட்டுக்கிளி, கடன், நோய் என்று மீதிப் பேர் கைவிட்டார்கள். அவர்களும் டிராக்ட் புத்தகங்களில் (நிலத் துண்டு வாரியாக விண்ணப்பங்களைப் பதிந்த பேரேடுகளில்) இருப்பார்கள், ரத்தான கோப்புகளும் காப்பகத்தில் உண்டு. ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் ரொக்கக் கிரய வரிசையில் இருப்பார்கள். ஹோம்ஸ்டெட் வரிசையில் மட்டும் தேடினால் தப்பிவிடுவார்கள்.

சாட்சிகளின் கோப்புகளையும் வாங்குங்கள். ஒருவருக்கு மற்றவர் சாட்சி சொல்வது அங்கே வழக்கம். பல நேரம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மைத்துனராகவோ மாமனாராகவோ இருப்பார்.

பெண்களைத் தேடத் தனி வழி வேண்டும். பட்டாவுக்குப் பிந்தைய விற்பனைப் பத்திரமும் அடமானப் பத்திரமும் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கும். அவற்றில் மனைவியின் கையெழுத்தையும் பெரும்பாலும் வாங்குவார்கள். கணவர் போர்வீரரானால் விதவை ஓய்வூதியக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; திருமணத் தேதி, பிள்ளைகளின் பிறந்த தேதி எல்லாம் அதில் கிடைக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1890 ஏடுகள் தீவிபத்திலும் அதற்குப் பிறகுமாகப் பெரும்பாலும் அழிந்துபோயின. நெப்ராஸ்காவுக்கு 1885 கணக்கெடுப்பு அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கும். பிறகு 1900 ஏட்டுக்குப் போங்கள். பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை வருடம் என்பதும் அதில் உண்டு. பெண்களிடம் மட்டும் கேட்ட இரண்டு கேள்விகளுக்கான கட்டங்களும் இருக்கும்: பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை. இரண்டு எண்ணும் வேறுபட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது கல்லறைப் பதிவு.