விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூக் கட்டிப் பிழைக்கிறேன். என் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டுக்கு உயில் எழுதாமலே காலமானார். அம்மாவும் இல்லை. வாரிசு நாங்கள் இருவர்தான். பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட அண்ணன், ‘கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, உனக்குப் பங்கு இல்லை’ என்று சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். வக்கீல் வைக்க வசதியில்லை. பங்கு கிடைத்தால் வருமான வரி உண்டா?
— வாசகி, மேலூர் வட்டம்

பதில்: பங்கே இல்லை என்பவர் விடுதலைப் பத்திரம் கேட்பானேன்? உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தருவதுதான் அந்தப் பத்திரம். பதிவாகிவிட்டால், ஏமாற்றி வாங்கினார்கள் என்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தே அதை ரத்து செய்ய வேண்டியிருக்கும் என்பதால், இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாத தந்தையின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மணமானதோ நகை போட்டதோ அதைக் குறைப்பதில்லை. பட்டாவில் பெயர் மாறியதாலேயே வீடு முழுவதும் அண்ணனுக்குச் சொந்தமாகிவிடாது.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. வருமானச் சான்றுக்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை. மேலூர் நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ, மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட ஆணைக்குழுவிலோ மனுக் கொடுத்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். அவரது கட்டணமும் நீதிமன்றக் கட்டணமும் உங்கள் தலையில் விழாது. விவரம் கேட்க 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

போகும்போது அப்பாவின் இறப்புச் சான்றையும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றையும் கொண்டுசெல்லுங்கள். மூலப்பத்திரம் அண்ணனிடம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்த்து, வீட்டின் பேரில் அடமானமோ விற்பனையோ பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணன் பேச்சுக்கு இசைந்தால், வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்வது, உறவும் முறியாமல் இருக்கும் என்பதால், எனக்கு நல்லதாகப் படுகிறது. ஆனால் அங்கே பிறப்பிக்கும் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. வழக்கறிஞரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே சம்மதியுங்கள்.

வாரிசுரிமையாக வரும் பங்குக்கு வருமான வரி இல்லை. வாடகைக்கு விட்டால் உங்கள் பங்குக்கு வரும் வாடகை வருமானக் கணக்கில் சேரும். பிற்பாடு விற்றால் மூலதன ஆதாயம், அதாவது விற்பதில் வரும் லாபம், கணக்கிட வேண்டியிருக்கும்.