பரம் வீர் சக்ரா வாங்கின வீரர்கள்ல உங்களை ரொம்ப பாதிச்சவர் யாரு, ஏன்?

என்னோட பதில் லான்ஸ் நாயக் (ராணுவத்துல சிப்பாய்க்கு அடுத்த பதவி) ஆல்பர்ட் எக்கா. 1971 இந்தியா-பாகிஸ்தான் போர்ல உயிரை விட்ட காலாட்படை ஜவான், அப்போ அவருக்கு 28 வயசு. இந்த மாதிரி கேள்விக்கு பெரும்பாலும் விக்ரம் பத்ரா, அருண் கேத்ரபால்னு ஆபீசர்ங்க பேருதான் வரும், அவங்க வீரத்தைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஆனா எக்காவைப் பத்தி தமிழ்ல எழுதினவங்க ரொம்ப கம்மி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

இப்போ ஜார்கண்ட்ல இருக்கிற கும்லா மாவட்டத்துல ஜாரின்னு ஒரு கிராமம், அதான் அவரு ஊரு. 1942 டிசம்பர் 27ல பொறந்தாரு. ஆதிவாசி கிறிஸ்தவ குடும்பம், சுத்தி காடு. சின்ன வயசுலேர்ந்தே வேட்டைக்குப் போய்ப் பழகினவரு, சத்தமில்லாம நகர்றது, நிலத்தோட மேடு பள்ளத்தைப் பாத்து ஒதுங்குறது இதெல்லாம் பட்டாளத்துல கத்துக்கிட்டது இல்ல, ஊர்லயே வந்துடுச்சு. சீனப் போர் முடிஞ்ச சூடு ஆறுறதுக்குள்ள, 1962 டிசம்பர்ல, 20 வயசுல பீகார் ரெஜிமென்ட்ல சேர்ந்தாரு. அப்புறம் 1968ல 14 கார்ட்ஸ் பட்டாலியன் ஆரம்பிச்சப்போ அங்க மாத்திட்டாங்க.

1971 டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்க நம்ம விமானத் தளங்கள்ல குண்டு போட்டதும் போர் ஆரம்பிச்சுது. அன்னைக்கு ராத்திரியே 14 கார்ட்ஸ் கங்காசாகரை அடிக்கக் கிளம்பிட்டாங்க. கங்காசாகர் திரிபுராவோட அகர்தலாவுக்கு மேற்க ஆறரை கிலோமீட்டர், எல்லைக்கு அந்தப் பக்கம், அப்போ கிழக்கு பாகிஸ்தான், இப்போ வங்கதேசம், அகௌரா ரயில் ஜங்ஷனுக்குப் பக்கத்துல. டாக்கா போற வழி திறக்கணும்னா இதைத் தாண்டித்தான் ஆகணும். பாகிஸ்தான்காரங்க அங்க பங்கர் பங்கரா (பதுங்கிச் சுடுற அரண்) கட்டி நல்லா வேரூன்றி உக்காந்திருந்தாங்க.

எக்கா இருந்தது இடது பக்கம் முன்னாடி போன கம்பெனி. ஷெல் விழுது, எல்லாப் பக்கமும் துப்பாக்கிச் சூடு, அதுக்குள்ளயே ஓடிப் போய் கைகலப்புல இறங்கிட்டாங்க. ஒரு எல்.எம்.ஜி (லைட் மெஷின் கன்) மட்டும் இவரு கம்பெனி ஆளுங்களை சாய்ச்சுக்கிட்டே இருக்கு. எக்கா நேரா அந்த பங்கர் மேல பாய்ஞ்சு உள்ள இருந்த ரெண்டு பேரை பயனெட்டால (துப்பாக்கி முனையில மாட்டுற கத்தி) குத்தி அந்தத் துப்பாக்கியை அடக்கிட்டாரு. அதுலயே அவருக்கு பலமான காயம்.

என்னைக் கேட்டா இதுக்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பலமா அடிபட்ட ஜவான் பின்னாடி போனா யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க, ஸ்ட்ரெச்சர்ல படுத்து ஆஸ்பத்திரி போயிருக்கலாம். இவரு போகல. பிடிக்க வேண்டிய இடம் ஒரு மைல் ஆழம். அந்த ஒரு மைலும் ரத்தக் காயத்தோட கூட்டாளிகளோட சேர்ந்து ஒவ்வொரு பங்கரா காலி பண்ணிக்கிட்டே போனாரு. கடைசியில அவரு செஞ்சதைத்தான் எல்லாரும் சொல்வாங்க, ஆனா ஒரு பாய்ச்சல்ல வர்ற வீரம் வேற, அடிபட்ட உடம்பை இழுத்துக்கிட்டு அடுத்த பங்கர், அதுக்கடுத்த பங்கர்னு ஒரு மைல் போறது வேற. எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது.

வடக்கு முனைக்குப் போனப்போ ஒரு மாடிக் கட்டடத்தோட மேல் தளத்துலேர்ந்து எம்.எம்.ஜி (மீடியம் மெஷின் கன்) சுட ஆரம்பிச்சுது. கம்பெனி அப்படியே நின்னு போச்சு, ஆளுங்க விழுறாங்க. எக்கா தவழ்ந்து தவழ்ந்து கட்டடம் வரைக்கும் போய் பங்கருக்குள்ள ஒரு க்ரெனேட் போட்டாரு. ஒருத்தன் செத்தான், இன்னொருத்தனுக்குக் காயம், ஆனா துப்பாக்கி நிக்கல. அப்புறம் பக்கச் சுவர் மேல ஏறி பங்கருக்குள்ள புகுந்து, சுட்டுக்கிட்டு இருந்தவனை பயனெட்டால முடிச்சாரு. சத்தம் நின்னுச்சு, கங்காசாகர் கைக்கு வந்துச்சு. இடம் பிடிபட்டதுக்கு அப்புறம்தான் அவரு உயிர் போச்சு. டாக்காவுல பாகிஸ்தான் படை சரண்டர் ஆனது டிசம்பர் 16. இன்னும் பன்னெண்டு நாள் இருந்திருந்தா அதைப் பாத்திருப்பாரு, இன்னும் மூணு வாரம் இருந்திருந்தா 29வது பொறந்தநாள்.

அந்தப் போர்ல மொத்தம் நாலு பேருக்குத்தான் பரம் வீர் சக்ரா. அதுல கிழக்கு முனையில நடந்த சண்டைக்குக் கிடைச்சது இவரு ஒருத்தருக்கு மட்டும்தான். 2000ல தபால் தலை வந்துச்சு, 2023ல அந்தமான்ல ஒரு தீவுக்கு இவரு பேரு வச்சாங்க. வேலை விஷயமா நான் ராஞ்சியில இருந்தப்போ ஊருக்கு நடுவுல ஆல்பர்ட் எக்கா சௌக், சிலையும் உண்டு, ஆட்டோக்காரங்க நாள் பூரா அந்தப் பேரைக் கூவிக்கிட்டுதான் ஆள் ஏத்துவாங்க. ஆபீஸ்ல இருந்த ஒரு பெரியவர்தான் எனக்கு முதல்ல முழுக் கதையும் சொன்னாரு, "இவங்கல்லாம் எங்க ஊர் பசங்க பாபு"ன்னு அவரு சொன்னதுல இருந்த பெருமையை என்னால எழுத்துல கொண்டு வர முடியல.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு இன்னும் கோவம் போகல. அவரோட உடலை ஊருக்குக் கொண்டு வரல, கூட விழுந்த வீரர்களோட அகர்தலா பக்கத்துலயே புதைச்சுட்டாங்க. போர் நேரம், அதைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்த இடத்துலேர்ந்து ஒரு பிடி மண்ணு ஜாரிக்கு வர்றதுக்கு 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. சின்ன வயசுலயே புருஷனைப் பறிகொடுத்த எக்காவோட மனைவி கிழவியாகுற வரைக்கும் காத்திருந்தாங்க. நாட்டோட உச்ச போர்க்கால வீர விருது வாங்கினவர் குடும்பத்துக்கே இதான் நிலைமைன்னா விருது ஏதும் இல்லாம அதே ராத்திரி பக்கத்துல விழுந்த ஜவான்களோட குடும்பங்களை நினைச்சுப் பாருங்க.

விருதுக் குறிப்பு முழுசா படிக்கணும்னா பாதுகாப்பு அமைச்சகத்தோட வீர விருதுகள் தளத்துல இருக்கு, ஒரு பக்கம்தான், நேரம் கிடைச்சா கண்டிப்பா படிங்க. அகர்தலா போறவங்க லிச்சுபாகான்ல இருக்கிற ஆல்பர்ட் எக்கா பார்க்குக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க.