ரங்கூன் தாத்தாவும் நேதாஜியும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா ரங்கூனில் அரிசி மில் கணக்குப்பிள்ளை. 1942 தொடக்கத்தில் நடந்தே ஊர் வந்தார். போர் முடிந்ததும் திரும்பிப் போய், 1964இல் கப்பலில் வந்து சேர்ந்தார். அவர் கதையை எழுதுகிறேன், முதல் பகுதிகளை இணைத்துள்ளேன். ‘சரித்திரப் பாடமாக இருக்கிறது, தாத்தாவைக் காணோம்’ என்கிறார்கள் நண்பர்கள். சரித்திரத்தை எடுத்துவிட்டால் அவர் ஏன் நடந்தார் என்பதே புரியாதே? அவர் நேதாஜியைப் பார்ப்பதுபோல ஒரு காட்சி வைக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நேதாஜியை முதலில் விட்டுவிடுங்கள். அவர் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றியது 1944 ஜனவரியில். தாத்தா அப்போது ஊரில் இருக்கிறார்.

சரித்திரம் அதிகமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. தாத்தாவுக்கு அன்று தெரியாததை எல்லாம் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறீர்கள், அதுதான் சிக்கல். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் வந்தபோது ரங்கூன் ஜனங்கள் பதுங்கவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அவ்வளவு பேர் செத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த வேடிக்கையை எழுதுங்கள். அப்புறம் துறைமுகக் கூலிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் நம்மவர்கள்தான். மூட்டை இறக்க ஆளில்லை, குப்பை அள்ள ஆளில்லை. கணக்குப்பிள்ளைக்குப் போர் எப்படித் தெரிந்திருக்கும்? கூலிப் பட்டியலில் பேர் பேராக அடித்துக்கொண்டே வரும்போது தெரிந்திருக்கும்.

மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தபோது அவர் எங்கே இருந்தார்? நடந்து வந்த வழியில் காலரா பரவிய புரோம் அகதி முகாமிலா, அரக்கான் போகும் தவுங்கப் கணவாயிலா, எல்லை ஊரான தமு தாண்டி மணிப்பூர் மலையிலா? செய்தி அவர் காதில் விழுந்த இடத்தில்தான் அது கதைக்குள் வர வேண்டும். விழவே இல்லையென்றால் வேண்டாம், ஒரு வரி குறைந்தது.

1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். மறுநாள் அவர் வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தால் என்ன செய்வீர்கள்? 1964 மே மாதம் பர்மாவின் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதைப் பற்றி உங்களிடம் ஒரே ஒரு வாக்கியம்! அன்று வீட்டுப் பெட்டியில் எவ்வளவு இருந்தது, யாரிடம் கொடுத்து மாற்றப் பார்த்தார்கள்? பாட்டி இருந்தால் உடனே போய்க் கேளுங்கள். காசு விஷயத்தில் பாட்டிமார் ஞாபகம் அரசாங்கக் கோப்பைவிடக் கெட்டி. கப்பல் ஏறும்போது தாலிக்கொடியை என்ன செய்தார் என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள்.