மெரியனில் ஜார்ஜியன் அறை: முன்பதிவில் எதைப் பார்க்க வேண்டும்

அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள மெரியன் ஹோட்டலில் நீங்கள் பதிவு செய்தது தோட்டப் பக்கக் கட்டடத்து அறையாக இருக்கும். "டப்ளினில் மெரியன் ஹோட்டல், 18ஆம் நூற்றாண்டு வீடு என்றார்கள், படத்தில் அறை புதிதாகத் தெரிகிறதே" என்ற குழப்பத்துக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1997இல் திறந்த இந்த ஹோட்டலில் இரண்டு பகுதிகள். தெருப் பக்கம் நான்கு பழைய ஜார்ஜியன் வீடுகளை, அதாவது ஜார்ஜ் மன்னர்கள் காலத்துப் பாணி வீடுகளை, சேர்த்த 'மெயின் ஹவுஸ்'. பின்னால், தோட்டத்தை ஒட்டி, புதிதாகக் கட்டிய 'கார்டன் விங்'. உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் அறை வகைக்கு நேரே இந்த இரண்டில் எது இருக்கிறது என்று பாருங்கள். கார்டன் விங் என்றிருந்தால், மாற்ற முடியுமா, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று இப்போதே எழுதிக் கேளுங்கள்.

ஒரு விஷயம். மெயின் ஹவுஸ் என்றாலே பிரம்மாண்டம் என்று எண்ண வேண்டாம். ஜார்ஜியன் வீடுகளில் விருந்தினரை வரவேற்கும் கூடங்கள் இருந்த முதல் மாடிக்குத்தான் உயர்ந்த கூரை, நீள ஜன்னல். மேலே போகப் போக ஜன்னல் குட்டையாகும், கூரை தாழும். அதனால் அறை எந்த மாடியில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாற்ற முடியாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. கணப்பு எரியும் கீழ்த்தளக் கூடங்கள், ஜாக் யேட்ஸ் உள்ளிட்ட ஐரிஷ் ஓவியர்களின் படங்கள் எல்லாம் எந்த அறைக்காரருக்கும் பொதுதான். தூக்கம் முக்கியம் என்றால், நான் தோட்டப் பக்கத்தையே எடுப்பேன்.